ஆடினால்தான் நிறுத்த முடியும்

லிஃப்ட் மெக்கானிக் சீட்டாட்டத்தை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. விட்டதற்கு அத்தாட்சி வேண்டும் என்று அவனுக்குத் தெரியவந்தது அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் மனைவியையும் மகளையும் அழைத்துவர மச்சான் வீட்டுக்குப் போனான்.

மனைவி சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை, சமாதானம் பேசியிருக்கலாம். அவள் சண்டையே போடவில்லை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், மகளின் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்னு சொல்வீங்க. கை கூடி வந்துச்சு, ஒத்தச் சீட்டுல போச்சும்பீங்க. இவ்வளவு விட்டாச்சு, இப்ப எழுந்தா அத்தனையும் வீணும்பீங்க. எல்லாம் எனக்கு மனப்பாடமாயிடுச்சு. ஆடி முடிச்சிட்டுச் சொல்லுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அவன் அப்போதும் கைபேசியில் சீட்டைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தான். 'சரி' என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தான்.

மச்சான் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். எதையும் சுவரில் ஒரு ஓரமாக அடித்துக் காயவிட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"மாப்ள, குடிய விட்டேன்னு சொல்றவன ஊதச் சொல்லிப் பாக்கலாம். சீட்ட விட்டேன்னு சொல்றவன என்ன பண்ணிப் பாக்கறது, சொல்லுங்க?"

"சத்தியமா விட்டுட்டேன் மச்சான்."

"சத்தியம் போன வருஷமும் பண்ணீங்க. பெரிய ரோட்டுல கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு இருக்கில்ல, அங்க சூதாட்டத்த ஆராய்ச்சி பண்றாங்களாம். படிச்சவங்க. அவங்ககிட்ட ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. சீல் வெச்சதா இருக்கணும். அன்னிக்கே தங்கச்சிய நானே வண்டி வெச்சு அனுப்பறேன்."

மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  எதனால் விட்டான் என்று மட்டும் இருவருமே கேட்கவில்லை.

சூதாட்ட நடத்தை ஆய்வு நிலையத்தின் முன்கூடத்தில் ஒரு பளிங்குப் பலகை இருந்தது. நிலையத்துக்கு மனமுவந்து நிதி வழங்கும் புரவலர் யார் என்று அதில் தங்க எழுத்தில் செதுக்கி, பக்கத்தில் அந்த நிறுவனத்தின் சின்னத்தையும் பதித்திருந்தார்கள். மெக்கானிக்கின் கண் அதை அடையாளம் காண்பதற்கு முன்னால் கட்டைவிரல் கண்டுகொண்டது. அவன் ராப்பகலாக ஆடிய அதே சீட்டாட்டச் செயலியின் சின்னம். சூதாடுகிறவர்கள்மேல் இவர்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று ஒரு கணம் அவனுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

தலைகளில் ஒயர் ஒட்டுவதையே வேலையாகக் கொண்ட ஓர் இளம் ஆய்வாளர் அவனை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். நிலையத்தில் எல்லோரும் அவளை ஒயரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பெரிய படிப்புப் படிக்க வந்து, படிப்பு முடிவதாகக் காணோம். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், சின்ன வயதில் பொம்மைக்காக அழுததுண்டா, சிவப்பைப் பார்த்தால் கோபம் வருமா, மாமனாரை நினைத்தால் என்ன தோன்றும் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"வாரத்துக்கு எத்தனை தடவை ஆடுவீங்க சார்?"

"விட்டுட்டேங்க."

"அது இருக்கட்டும். எத்தனை தடவை?"

"இப்ப ஆடறதே இல்லைங்க. அதத்தான் எழுதி வாங்கிட்டுப் போக வந்தேன்."

ஒயரம்மாவின் முகம் வாடிப்போனது. இல்லாத சரக்கைக் கேட்டவனைக் கடைக்காரன் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனவள் இயக்குநரையே கையோடு அழைத்துவந்துவிட்டாள்.

இயக்குநர் அன்பான மனிதர். யாரோடு பேசினாலும் தோளில் கை போடுவார். போட்ட கையை எடுக்கமாட்டார்.

"தம்பி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நீங்க நிறுத்திட்டதா சொல்றீங்க. நிறுத்தினத நாங்க பாத்தோமா? பாக்கல. பாக்காதத விஞ்ஞானம் ஏத்துக்காது. அப்ப என்ன பண்ணணும்? நீங்க நிறுத்தறத நாங்க பாக்கணும். நிறுத்தறதப் பாக்கணும்னா அதுக்கு முன்னாடி நீங்க ஆடறதப் பாக்கணும். ஆடினாத்தானே நிறுத்த முடியும்?"

"அப்ப நான் மறுபடி ஆடணுங்களா?"

"சேச்சே! ஆடுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். சொன்னா நெறிமுறைக் குழு என்னைத் தொலைச்சுக் கட்டிடும். ஆடறதுக்குத் தோதான இடத்துல உங்கள உக்காரவெப்போம். பக்கத்துல சீட்ட வெப்போம். அவ்வளவுதான். மிச்சத்த இயற்கை பாத்துக்கும்."

"எல்லாம் முடிஞ்சா சர்டிஃபிகேட் குடுத்துடுவீங்களா?"

"சீல் வெச்சே தரேன்" என்றார் இயக்குநர். மெக்கானிக்குக்குச் சீட்டைத் தொடவே பிடிக்கவில்லை. ஆனால் சீல் என்ற சொல் காதில் விழுந்ததும் தலையை ஆட்டிவிட்டான். மகள் இல்லாத வீட்டில் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம்கூட அவனை என்னவோ செய்தது.

இரண்டாம் மாடியில் 'இயற்கைச் சூழல் கூடம்' இருந்தது. அசல் சூதாட்ட விடுதி எப்படி இருக்குமோ அப்படியே கட்டியதாகச் சொன்னார்கள். புத்தம்புது சுவரில் காரை பெயர்ந்த மாதிரி வரைய ஓர் ஓவியரை அமர்த்தியிருந்தார்கள். மேஜையில் டீக்கறையை அளவெடுத்துப் போட்டிருந்தார்கள். நாடகக்காரர்களிடமிருந்து வாங்கிய புகை யந்திரம் மூலையிலிருந்து புகையைக் கக்கிக்கொண்டே இருந்தது. அதற்கு நேர்மேலே, கட்டட விதிப்படி, 'புகை பிடிக்காதீர்கள்' என்ற பலகை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆப்பிள் ஜூஸைக் குடித்துவிட்டுத் தள்ளாடுவார். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் கன்னத்தில் தழும்பு வரைந்துகொண்டு விடுதி முதலாளியாக உறுமுவார். மதியம் ஆனால் தழும்பு வியர்வையில் கழுத்துக்கு இறங்கிவிடும். ஒயரம்மா ஓடிவந்து துடைத்து மறுபடி வரைவாள்.

மெக்கானிக் இதுவரை ஆடியதெல்லாம் மொட்டைமாடியில் இருக்கும் லிஃப்ட் மெஷின் ரூமில் தனியாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துதான். அதைச் சொல்லிப் பார்த்தான். "உண்மையான சூதாடி அப்படி இருக்கமாட்டான்" என்று அவனுக்கு விளக்கினார்கள்.

வேலையில் பாதிநாள் லீவு போட்டுவிட்டு வந்து, தலையெல்லாம் ஒயரோடு உட்கார்ந்து ஆடினான். சீட்டு வந்தது, போட்டான். ஜெயித்தான், தோற்றான். கொட்டாவி வந்தது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து கவனித்த ஆய்வாளர்கள் அந்தக் கொட்டாவியையும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் இயக்குநர் அவன் தோளில் கை போட்டார்.

"அடக்கி வெச்ச வேட்கை கொட்டாவியா வெளிய வருது தம்பி."

"ஆசையே இல்லைங்க சார். தூக்கம்தான் வருது."

"ஆசை இல்லன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் ஆசையோட முதல் அறிகுறி."

"இருக்குன்னு சொன்னா?"

"அது ரெண்டாவது அறிகுறி" என்றார் இயக்குநர், பெருமையாக.

முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் வந்தது. இதில் சீட்டு இல்லை, ஒரு யந்திரம். பொத்தானை அழுத்தினால் மூன்று சக்கரம் சுழலும். மூன்றிலும் ஒரே பழம் வந்தால் வெற்றி. ஆனால் வராது. இரண்டு பழம் வந்து நிற்கும். மூன்றாவது வந்து, தயங்கி, ஒரு முடியளவு தள்ளிப் போய் நிற்கும். அப்படி ஆகும்படிதான் அதைச் செய்திருந்தார்கள். முழுசாகத் தோற்றவன் எழுந்து போய்விடுவான், நூலிழையில் தோற்றவன்தான் உட்கார்ந்தே இருப்பான் என்பது நிலையத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. அதைக் கேட்டுப் புரவலர் நிறுவனம் மகிழ்ந்து, கட்டடத்துக்கு இன்னொரு மாடி கட்டிக்கொடுத்தது. மெக்கானிக்கின் கைபேசியில் மட்டும் எப்போதும் ஒற்றைச் சீட்டில் ஏன் போனது என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் அவனுக்குத் தீர்ந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தான். இருந்தாலும் சீல் அவர்கள் கையில் இருந்தது.

கொஞ்சநேரம் பொத்தானை அழுத்திவிட்டு, "உள்ள கரகரன்னு சத்தம் வருது மேடம், கொஞ்சம் கிரீஸ் வைங்க" என்றான். ஒயரம்மா அதைக் 'கவனத்தைத் திசைதிருப்பும் உத்தி' என்று குறித்துக்கொண்டாள்.

ஒரு நாள் கழிப்பறைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் வேறு கதவைத் திறந்துவிட்டான். அது கண்ணாடிச் சுவரின் மறுபக்கம். ஆய்வாளர்கள் எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேஜையில் பேனாக்கள், பிஸ்கட் பாக்கெட்டுகள், ஒரு கைக்கடிகாரம், ஒயரம்மாவின் மதியச் சாப்பாட்டு டப்பா. "அடுத்ததும் இடது கையாலதான் பொத்தான அமுக்குவாரு!" "இல்ல, வலது! போன தடவை வலதுன்னு சொல்லி ஒரு நொடில விட்டேன், இந்தத் தடவை பிடிச்சிடுவேன்!" என்று ஒரே கூச்சல். முதலாளி வேஷக்காரரின் தழும்பு நெற்றிக்குப் போயிருந்தது.

இயக்குநர்தான் முதலில் சுதாரித்தார்.

"நீங்க நினைக்கற மாதிரி இது பந்தயம் இல்ல தம்பி. கணிப்பு. பந்தயத்துல பேராசை இருக்கும். கணிப்புல ஆர்வம் மட்டும்தான் இருக்கும்."

"மேடம் சாப்பாடு போச்சுங்களே சார். தோத்துட்டாங்களா?"

"விஞ்ஞானத்துல யாரும் தோக்கறதில்ல. திருத்திக்கறாங்க."

ஒயரம்மா காலையிலிருந்து திருத்திக்கொண்டே இருந்தாள் போலிருக்கிறது. முகம் பசியில் சுண்டியிருந்தது. மெக்கானிக் தன் டப்பாவிலிருந்து பாதியை அவளுக்குக் கொடுத்தான். அவள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு டப்பாவ மீட்டுடுவேன் சார்" என்றாள். அவனுக்கு அவளைப் பார்க்க உண்மையாகவே பாவமாக இருந்தது.

இரண்டாம் கட்டத்தின் முடிவில் நெறிமுறைக் குழு வந்தது. வயதான மூன்று பெரியவர்கள். அவர்கள் 'சரி' என்றால் சர்டிஃபிகேட் கைக்கு வந்துவிடும் என்று மெக்கானிக் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்து, கடைசிச் சோதனைக்காகத் தலையில் ஒயரோடு காத்திருந்தான். இயக்குநர் கீழே போய் அவர்களை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்தது. மெக்கானிக் கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"சார், பொத்தான அமுக்காதீங்க. அதுல ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்குத் தெரியாது தம்பி. இப்ப லேசா அசைஞ்சுது."

"அசையலீங்க. பிரேக் பிடிச்சிருக்கு."

"கொஞ்சம் அசைஞ்சுது, நான் உணர்ந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை."

டக், டக். குழுவில் இருந்த ஒரு பெரியவரும் நகருங்கள், நான் அமுக்குகிறேன் என்று கெஞ்சுவது கேட்டது. எனக்குக் கைராசி உண்டு என்றார் இன்னொருவர். மெக்கானிக் தலையில் ஒயர் தொங்கத் தொங்க மொட்டைமாடிக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி அவர்களை மேலே கொண்டுவந்தான். வெளியே வந்த இயக்குநர், "பாத்தீங்களா, கடைசி தடவை அமுக்கினதும் வந்துடுச்சு" என்றார். பெரியவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

குழு அன்று சாயந்திரம்வரை கூடிப் பேசியது. ஆய்வில் நெறிமுறை மீறல் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகக் கண்டுபிடித்தது. பங்கேற்பாளர் சோதனை நடந்துகொண்டிருக்கும்போது அனுமதி வாங்காமல் தலையில் ஒயரோடு எழுந்து மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார். ஆகவே முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

மெக்கானிக் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது. ஒயரம்மா பக்கத்தில் வந்து ஆதரவாகக் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டாள்.

இதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. நிலையம் பொதுமக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதற்காக ஒரு சுவரொட்டி அடித்தது. 'சூதாட்டத்தின் முகம்' என்று தலைப்பு. புகைக்கு நடுவில் கையில் சீட்டோடு ஒருவன் உட்கார்ந்திருக்கும் படம். அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பதில் நிலையம் கறாராக இருந்ததால் கண்மேல் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். மீசை, காது, மனைவி தேர்ந்தெடுத்துக் கொடுத்த கட்டம்போட்ட சட்டை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அதில் ஒன்றைப் பெயிண்ட் கடைச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

மச்சான் போன் செய்தார். "சர்டிஃபிகேட் கேட்டேன் மாப்ள. போஸ்டரே அடிச்சுட்டீங்க."  பின்னால் மனைவியின் குரல் கேட்டது. "நான் நேர்ல போறேன்" என்றாள்.

அவள் மறுநாள் காலையில் நிலையத்துக்கு வந்தாள். தலையில் ஒயரோடு, புகைக்கு நடுவில், ஜூஸ் குடித்துத் தள்ளாடுகிறவருக்கும் தழும்புக்காரருக்கும் இடையில் கணவன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவன் சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் ஒயர் நான்கைந்து பிய்ந்துகொண்டு வந்தது.

"சீலுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தான். இவள் இப்போது திரும்பிப் போனால் பிறகு வரவே மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

"பெரியவரு யாரு இங்க?" என்று கேட்டாள் அவள்.

இயக்குநர் தன் அறையில் அவளை மரியாதையாக உட்காரவைத்தார். அவள் தோளில் கை போட முடியாததால் மேஜையில் இருந்த கோப்பைத் தடவிக்கொண்டே பேசினார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இவர எப்ப விடுவீங்க?"

"முடிஞ்சிடும்மா. இன்னும் ஒரே ஒரு கட்டம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இயக்குநர் தொடர்ந்தார்.

"போன தடவையே முடிஞ்சிருக்க வேண்டியது. எல்லாம் கூடி வந்துச்சு. கடைசி நேரத்துல நூலிழையில போச்சு. உங்க வீட்டுக்காரர் மட்டும் அந்த லிஃப்டுக்குப் போகாம இருந்திருந்தா... சரி, போகட்டும். இந்தத் தடவை கண்டிப்பா வந்துடும். எனக்கு உள்ளுக்குள்ள தோணுது."

"வரலன்னா?"

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா. இத்தன வருஷம் இதுல போட்டிருக்கேன். உடம்பப் போட்டேன், பேரப் போட்டேன். இவ்வளவு போட்டாச்சு, இப்ப எழுந்தா அத்தனையும் வீண். ஒண்ணே ஒண்ணு மட்டும் பிடிச்சிட்டேன்னா விட்டதெல்லாம் திரும்பி வந்துடும். அப்புறம் இந்தப் பக்கமே திரும்பிப் பாக்கமாட்டேன், சத்தியமா."

அவர் கண் பளபளத்தது. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பளபளப்பு அவனுக்குத் தெரியும். மனைவி அவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கொஞ்சம் இரக்கமாகக்கூட ஆகிவிட்டது.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா எங்க இருக்காங்க?"

இயக்குநர் கோப்பைத் தடவுவதை நிறுத்தினார். மின்விசிறியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"அவங்க... அவங்க அண்ணன் வீட்டுல இருக்காங்க."

"எப்பப் போனாங்க?"

"யந்திரம் வாங்கினப்ப" என்றார். பிறகு அவசர அவசரமாக, "இந்தக் கட்டம் முடிஞ்சதும் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றார்.

அவள் எழுந்துகொண்டாள். கணவன் காதோரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த ஒயரைப் பிய்த்து மேஜைமேல் வைத்தாள். "வாங்க போகலாம்" என்றாள்.

"சர்டிஃபிகேட்? மச்சான் கேப்பாரே."

"அண்ணனுக்கு நான் சொல்லிக்கறேன்."

நடைக்கூடத்துக்கு வந்தார்கள். பின்னால் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "படிக்கட்டுல இறங்குவாங்க, டப்பா என்னுது!" "லிஃப்டுதான், கடிகாரம் வெக்கறேன்!" என்று கிசுகிசுப்பு. மெக்கானிக் லிஃப்டின் பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பின்னால் யாரோ 'சே!' என்று காலை உதைத்துக்கொண்டார்கள்.

லிஃப்ட் வந்தது. ஏறினார்கள். கதவு மூடிக் கீழே இறங்க ஆரம்பித்தபிறகுதான் அவள் பேசினாள்.

"உண்மையில எப்ப விட்டீங்க?"

"நீ போனப்புறம் ஒரு செவ்வாய்க்கிழம. பெரிய ஆட்டம், ஜெயிச்சுட்டேன். இத்தன வருஷத்துல அந்த மாதிரி ஜெயிச்சதே இல்ல. உன்கிட்ட சொல்லணும்னு வீட்டுக்கு ஓடிவந்தேன். கதவத் திறந்தா, சொல்றதுக்கு யாரும் இல்ல. அப்படியே நின்னேன். அதோட சீட்டுமேல இருந்த ஆசையே விட்டுப்போச்சு."

அவள் கையால் அவன் நெற்றியில் ஒயர் ஒட்டிய பசையைத் தேய்த்துப் பார்த்தாள். அது லேசில் போவதாக இல்லை.

"இத இவங்ககிட்ட முதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல? இத்தன நாள் தலையில ஒயரக் கட்டி என்னத்தத்தான் தேடினாங்க?"

"யாரும் கேக்கலயே" என்றான் அவன்.